அம்மாவைக் கேட்காமல் குறித்த தேதி

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் பெரிய குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடுதான் தாளை எடுத்தேன். எனக்கு இரத்த அழுத்தம் போன வாரம் நூற்று நாற்பதுக்கு எண்பத்தெட்டு, டாக்டர் பழைய மாத்திரையையே தொடரச் சொன்னார். அம்மாவுக்கு இடது முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது, வலது முழங்கால் பழையபடிதான், எண்ணெய் தேய்த்துவிட்டால் ஒரு பகல் தாங்குகிறது. குழந்தைக்குப் பல் விழுந்த படத்தை அம்மா நான்கு பேரிடம் காட்டிவிட்டாள். இனி விஷயத்துக்கு வருகிறேன், நான் சுற்றி வளைப்பவன் என்பது உனக்குத் தெரியும், முடிந்தவரை நேராக எழுதப் பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "ஏம்ப்பா எல்லாத்தையும் நிறுத்தினீங்க, அண்ணன் ரூமுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கான், நான் பத்து நாள் லீவு வாங்கி வச்சிருக்கேன், நீங்க பாட்டுக்கு டிக்கெட்டை ரத்து பண்ணிட்டீங்களாம், என்னப்பா இது" என்றாய். நான் "இல்லம்மா, அது வந்து" என்பதற்கு மேல் போகவில்லை. எனக்குப் பேச்சு எப்போதும் தாமதமாகத்தான் வரும், போனை வைத்துப் பத்து நிமிடம் கழித்து நல்ல நல்ல வாக்கியங்களாக வரும், அதற்குள் எதிராளி தூங்கப் போயிருப்பார். அதனால் எழுதுகிறேன். பிரச்சினை ஒன்றுதான்: வருகிற இருபதாம் தேதி அம்மாவும் நானும் இந்த மூன்றாம் மாடி வீட்டைக் காலி செய்துகொண்டு உன் அண்ணன் வீட்டோடு போய்விடுவதா, இல்லையா. போவதென்று முடிவு செய்தது நாம் மூன்று பேர். நிறுத்தியது நான் ஒருவன். ஏன் நிறுத்தினேன் என்பதற்கு முதலில் இங்கே நடந்த தண்ணீர்க் கூத்தைச் சொல்ல வேண்டும், சம்பந்தமில்லாததாகத் தோன்றும், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

இரண்டு மாதமாக எங்கள் கட்டடத்துக் கிணற்றில் நீர் கீழே போய்விட்டது. மோட்டார் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் சூடாகி நின்றுவிடுகிறது. கீழே இருப்பவர்கள் குழாயைத் திறந்தால் மேலே காற்றுதான் வரும். ஒரு தளத்துக்கு நான்கு வீடு, மொத்தம் பதினாறு வீடு, ஆளுக்கு ஆள் படிக்கட்டில் சண்டை. பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் கால அட்டவணை போட்டவன் என்று என்னிடம் வந்தார்கள். உதவித் தலைமையாசிரியர் என்ற பதவியை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை, இங்கே எனக்கு 'டைம்டேபிள் சார்' என்றுதான் பெயர். நானும் மனதுக்குள் மகிழ்ந்துபோய் மூன்று நாள் உட்கார்ந்தேன். வீட்டுக்கு இருபத்திரண்டு நிமிடம், பதினாறு வீட்டுக்கு ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம், மீதி எட்டு நிமிடம் மோட்டார் இளைப்பாறுவதற்கு. காலை ஐந்து மணிக்குத் தொடக்கம். வாரம் ஒரு முறை ஒவ்வொரு வீடும் ஒரு இடம் கீழே நகரும், பதினாறு வாரத்தில் எல்லாரும் எல்லா நேரத்தையும் ஒரு முறை தொட்டுவிடுவார்கள். நல்ல நேரமும் கெட்ட நேரமும் எல்லாருக்கும் ஒரே அளவு. எனக்கென்று ஒரு நிமிடம்கூட அதிகம் வைத்துக்கொள்ளவில்லை. கடைக்குப் போய் லேமினேஷன் செய்து மாடிப்படிக்குக் கீழே மாட்டினேன். அம்மாடி, இதைவிட நியாயமான அட்டவணையை நான் என் வேலைக்காலத்தில்கூடப் போட்டதில்லை.

மறுநாளே பிடித்தது சனி. கீழ்த்தளத்தில் பள்ளிச் சீருடை தைக்கிற அம்மா, நீ பார்த்திருக்கிறாய், உரத்த குரல், கழுத்தில் எப்போதும் அளவுநாடா, "சார், ஏழு மணிக்கு நான் மெஷின்ல உக்காந்தா எந்திரிக்க மத்தியானம் ஆகும், எனக்கு ஒம்போது ரெண்டாம், அது என்ன சார் ஒம்போது ரெண்டு, ரயிலா வருது" என்றாள். முதல் மாடி பஸ் டிரைவர் தனியாள், காலை ஷிப்டு என்றால் நாலரை மணிக்கே கிளம்பிவிடுவார், அவருக்கு முதல் வாரம் ஐந்து மணி. "நான் பஸ்ஸை நிறுத்திட்டு வந்து தண்ணி புடிச்சிட்டுப் போறேன் சார், பயணிங்க கிட்ட நீங்க சொல்லிடுங்க" என்று கும்பிடு வேறு போட்டார். நம் எதிர்வீட்டு நர்ஸ் பெண் ராத்திரி டியூட்டி முடிந்து எட்டு மணிக்கு வருகிறவள், அவளுக்கு ஆறு மணி ஆறு நிமிடம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூட்டைத் திறந்தாள், அது மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு உறைத்தது. மூன்றாம் நாள் அட்டவணையின்மேல் யாரோ மார்க்கரால் என்னைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார்கள். லேமினேஷனில் ஒரு நன்மை, ஈரத்துணியால் துடைத்ததும் போய்விட்டது.

சரி, கருத்துக் கேட்போம் என்று ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அங்கே நான் செய்த தப்பைக் கேள். புது அட்டவணையையும் முதல் நாளே போட்டு லேமினேஷன் செய்து நோட்டுக்கு அடியிலேயே வைத்திருந்தேன், எல்லாரும் எப்படியும் ஒத்துக்கொள்வார்கள், இன்னொரு நடை மிச்சம் என்ற எண்ணம். தையல்கார அம்மா நோட்டை வாங்கும்போது அது சரிந்து கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏன் சார், இது கருத்து கேக்கறதா, கையெழுத்து கேக்கறதா" என்றாள். நோட்டையும் அட்டவணையையும் அவளிடமே கொடுத்துவிட்டு மேலே வந்துவிட்டேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான், ஆனால் யானைக்கு அது குளிர்ச்சி, எனக்கு வேர்த்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளே எல்லாரையும் படிக்கட்டில் கூட்டினாள். மேல் வீட்டுக்காரர்கள் மேல்படியில், கீழ் வீட்டுக்காரர்கள் கீழ்ப்படியில், குழந்தைகள் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு. ஒவ்வொருவரும் தன் வீட்டு நேரத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர் குறுக்கே பேசக் கூடாது, பேசினால் அவர் முறை கடைசிக்குப் போகும், அதுதான் ஒரே சட்டம். டிரைவர் இரண்டு முறை கடைசிக்குப் போனார். நம் முறை வந்தபோது, "அக்கா, நீங்க சொல்லுங்க, உங்களுக்கு எப்ப வேணும்" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். "எங்களுக்கு எதுவானாலும் பரவாயில்லம்மா" என்று நான் சொல்லத் தொடங்கினேன். "உங்கள கேக்கல சார்" என்றாள், படிக்கட்டே சிரித்தது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "எனக்கு அஞ்சு மணி குடுத்துடுங்க. எப்படியும் முழிச்சுத்தான் கெடக்கறேன், மூணு வாரமா தூக்கம் கெடயாது. இருவத்திரண்டு நிமிஷமெல்லாம் எதுக்கு, ரெண்டு பேருக்குப் பத்து நிமிஷம் போதும், மிச்சத்த இந்தப் பொண்ணுக்கு எட்டு மணிக்கு மேல குடுங்க" என்று நர்ஸ் பெண்ணைக் காட்டினாள். எல்லாரும் தண்ணீரைக் குறித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அந்த மூன்று வாரம் காதிலேயே நின்றது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறேன் நான், எனக்குத் தெரியவில்லை, பதினாறு வீடு கேட்கச் சொல்கிறாள்.

அவர்கள் போட்ட முறையை வீட்டுக்கு வந்து கட்டம் போட்டுப் பார்த்தேன். என் கணக்குப்படி அது அநியாயத்தின் சிகரம். ஆறு பேர் இருக்கும் இரண்டாம் மாடி வீட்டுக்கு இருபது நிமிடம், மூன்று பேர் இருக்கும் தையல்கார அம்மாவுக்கு முப்பது. நமக்குப் பத்து, அதுவும் விடியாத நேரத்தில், வாரத்துக்கு வாரம் மாறுவது என்பதே இல்லை. ஒரு வாரம் தாண்டாது என்று நினைத்தேன். நான்கு வாரம் ஆகிறது, ஒரு சத்தம் இல்லை. நடுவில் ஒரு நாள் மோட்டார் நின்றபோது யாருக்குமே தண்ணீர் இல்லை, அன்றைக்கும் சண்டை இல்லை, டிரைவர் எங்கிருந்தோ நான்கு குடம் கொண்டுவந்து வைத்தார். ஆறு பேர் வீட்டு அம்மாவிடம், உங்களுக்குத்தானே குறைச்சல் என்று நான் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "குறைச்சல்தான் சார், ஆனா நான்தானே தினமும் ஆறு மணின்னா இருபது நிமிஷம் போதும்னு சொன்னேன்" என்று என்னையே விசித்திரமாகப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு மஞ்சள் காமாலை வந்து நான் படுத்துவிட்ட வருடம் ஆசிரியர்களே உட்கார்ந்து அட்டவணை போட்டுக்கொண்டார்கள். ஓவிய ஆசிரியருக்கு வாரம் ஐந்து நாளும் கடைசி பீரியட், வருடம் முழுக்க அவர் முணுமுணுக்கவில்லை. அடுத்த வருடம் நான் வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாருக்கும் சமமாகப் பிரித்தேன், முணுமுணுப்பு திரும்பி வந்தது. நன்றி கெட்டவர்கள் என்று நினைத்தேன் அப்போது. என் அட்டவணைகள் தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை, கட்டம் கட்டமாகச் சரிதான். ஆனால் அதில் யாருடைய குரலும் இல்லை, என் பேனா மட்டும்தான் இருந்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று வாரம் முன்னால்தான், நீயும் அண்ணனும் நானும் போனில் ஒரு மணி நேரம் பேசி இருபதாம் தேதி என்று குறித்தோம். உனக்கு ஞாபகம் இருக்கும், "அம்மா எங்கப்பா" என்று நீ கேட்டாய், சமையலறையில் இருக்கிறாள், நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அன்று மாலை சொன்னேன். சரி என்றாள். சரி என்றால் சரிதானே என்று நான் மறுநாளே அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்து எண் போட்டு, எந்தப் பெட்டியில் என்ன என்று நோட்டில் எழுதி, வீட்டுக்காரரிடமும் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும், "உங்க இஷ்டம்." அண்டாவை எடுத்துக்கொள்வோமா என்றால் உங்க இஷ்டம். சாப்பாட்டுக்கு என்ன என்றால் உங்க இஷ்டம். நாற்பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு இஷ்டம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை, நான் அதை ஒத்துழைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

படிக்கட்டுக் கூட்டத்துக்கு மறுநாள், கேட்டுவிடுவோம் என்று துணிந்தேன். என் புத்தி எனக்குத் தெரியும், வாயால் கேட்டால் குழறும் என்று ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுக்கொண்டேன், போவதால் நன்மை, இருப்பதால் நன்மை. அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே நிரப்பியும் வைத்தேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். "அந்தப் பக்கம் பதினொண்ணு, இந்தப் பக்கம் மூணு. ஜெயிச்சாச்சே, அப்புறம் என்னங்க கேள்வி" என்று தாளை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டாள். பிறகு பெட்டிகளைப் பார்த்து, "நம்பரெல்லாம் போட்ட பிறகு சம்மதம் கேக்கறது, இலையை எடுத்த பிறகு இன்னும் கொஞ்சம் போட்டுக்கறீங்களான்னு கேக்கற மாதிரி இருக்கு" என்றாள். அதற்கு முன்பாவது உங்க இஷ்டம் என்று ஒரு சொல் இருந்தது, அன்றிலிருந்து அதுவும் இல்லை. கேட்காமல் இருந்ததைவிட அப்படிக் கேட்டது அதிகமாகப் புண்படுத்தியது என்று நினைக்கிறேன். மனித மனத்தைப் பற்றி நான் எத்தனையோ புத்தகம் படித்தவன், வீட்டில் இருப்பவளிடம் ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கண்ணாடிச் சாமான்களைச் சுற்றி வைக்கத் துண்டுத்துணி கேட்கலாம் என்று மூன்று மணிக்குக் கீழே தையல்கார அம்மா வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. முன்னறையில் ஜன்னலோரம் ஒரு மேசை, மேசைமேல் வெள்ளைச் சட்டை மலை மாதிரி, சட்டைகளுக்கு நடுவில் உன் அம்மா. கையில் ஊசி, பக்கத்தில் பொத்தான் டப்பா, இரண்டு பெண்கள் எதிரே உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஏதோ கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள், அதுவும் எப்படி, மேசையைத் தட்டித் தட்டி. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள் ஒரு வருடமாகத் தினமும் மத்தியானம் கீழே போகிறாள் என்பது எனக்குத் தெரியும், அரட்டைக்கு என்று நினைத்திருந்தேன். ஐம்பத்து நான்கு படி, இந்த முட்டியோடு இறங்கி ஏறுகிறாள், மூச்சு வாங்குகிறாள் என்று உன்னிடமும் அண்ணனிடமும் சொன்னதே நான்தான், அதை வைத்துத்தான் நாம் முடிவே செய்தோம். எதற்காக இறங்குகிறாய் என்று ஒரு நாள் நான் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தையல்கார அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "வாங்க சார், அக்காவ கொண்டு போறீங்களாமே. காலர் பொத்தான் இவங்க கை பட்டா வருஷம் பூரா அறுந்து வராது, ஸ்கூல்லேருந்தே சொல்லி அனுப்பறாங்க. இந்த வருஷம் எண்ணூறு சட்டை சார், பாதிகூட முடியல. ஏங்க்கா போறீங்கன்னு கேட்டா, நூல பல்லால அறுத்துக்கிட்டே 'அவங்க முடிவு பண்ணிட்டாங்க'ங்கறாங்க. யாரு சார் அந்த அவங்க" என்றாள். அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. நான் துண்டுத்துணி கேட்க வந்ததைச் சொல்லாமல் திரும்பி மாடி ஏறினேன். அந்த அவங்க யார் என்று உனக்கும் தெரியும்.

மறுநாள் காலை டிக்கெட்டை ரத்து செய்தேன். வீட்டுக்காரரிடம் போய், காலி செய்வதாகச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் வாசலில் நான் கால் மணி நேரம் மணி அடிக்காமல் நின்றேன் என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன். "பாக்க வந்தவங்களுக்கு இன்னும் சரின்னு சொல்லல, இருங்க சார்" என்றார் அவர், அவ்வளவுதான், இதற்காகவா இரவெல்லாம் பயந்தேன் என்றிருந்தது. வந்து பெட்டிகளைத் திறந்தேன். இது எங்கே வைக்க, அது எங்கே வைக்க என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஆறாவது பெட்டியில் அம்மா, "எல்லாத்துக்கும் கேக்காதீங்க, தலைவலி வருது, கரண்டி எங்க இருக்கும்னு கரண்டிக்கே தெரியும்" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் என்னைத் திட்டினாள், எனக்கு அவ்வளவு நிம்மதி.

மறுநாள் முழுக்க நான் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிகாலை நம் பத்து நிமிடத்தில் வாளி நிறைந்துகொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள். "உங்க பிள்ளை வீட்டுக்கு வரமாட்டேன்னு நான் எப்பங்க சொன்னேன். அவன் எனக்கும் பிள்ளைதான். சட்டையெல்லாம் முடியட்டும், ஸ்கூல் தொறக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அது வரைக்கும் எங்கயும் வரல. அதுக்கப்புறம் போய் ஒரு மாசம் இருந்து பாக்கறேன், இந்த வீட்ட விடாம. அவன் வெள்ளையடிச்ச அந்த முன்னறை எனக்கு வேணாம், போறவங்க வர்றவங்க எல்லாம் என்னையப் பாத்துட்டே போவாங்க, பின்னால குழாய்ப் பக்கம் இருக்கற ரூமு போதும். இருந்து பாத்துட்டுச் சொல்றேன், பாக்காம எப்படிச் சொல்றது. இந்த வீட்டையும் இருவத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க பாத்துட்டு வந்து என்கிட்ட சொன்னதுதானே" என்றாள். வாளி வழிந்தது, நான் குழாயை மூடவில்லை. அந்தக் கடைசி வரியை அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நாளில் நான்கு வீடு ஏறி இறங்கி, வெளிச்சம், வாடகை, பள்ளிக்கூடத்துக்கு எத்தனை நிமிடம் என்று எல்லாம் குறித்துக்கொண்டு வந்து சொன்னபோது, நல்ல கணவன் வேலையைச் செய்துவிட்டதாக நினைத்தேன்.

அன்று சாயங்காலம்தான் நீ போன் செய்தாய். வைப்பதற்கு முன், "நிறுத்தினது தப்புன்னு நான் சொல்லலப்பா, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா" என்றாய். அண்ணனும் அதைத்தான் வேறு வார்த்தையில் சொன்னான், "வெள்ளையடிக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே." ஒரு தப்பைத் திருத்தும்போது அதே தப்பை உங்கள் இருவருக்கும் செய்திருக்கிறேன். உனக்குப் பதினேழு வயதில் கல்லூரி விண்ணப்பத்தில் பாடத்தை நானே எழுதிவிட்டு உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னதும் அன்று நினைவுக்கு வந்தது. படிப்பு நன்றாகத்தான் அமைந்தது, நீ ஒன்றும் சொன்னதில்லை, ஆனால் அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசியதுமில்லை. அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டால் அதுவும் தாமதமாக வந்த வாக்கியம்தான், இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அதனால் இதை மட்டும் ஒளிவு மறைவில்லாமல் எழுதுகிறேன். இந்த இரண்டு மாதம் அம்மா இங்கேதான் இருப்பாள், அது முடிந்த விஷயம், அதில் உன் கருத்தைக் கேட்பதுபோல் நடிக்க மாட்டேன், அவள் கால், அவள் படி. அதற்குப் பிறகு உள்ளது எதுவும் முடிவாகவில்லை. முட்டிக்கு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா, அண்ணன் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்க்கும்போது நீயும் அங்கே வர முடியுமா, கீழ்த்தளத்தில் வீடு காலியானால் அதைக் கேட்டுப் பார்க்கலாமா, இதிலெல்லாம் நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்கு உண்மையாகவே தெரியாது. தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இந்த முறை தாளில் நான் ஒரு பத்தியும் நிரப்பவில்லை. அம்மாவிடம் நேராகப் பேசு, நான் போனை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே நடந்துவிட்டு வருகிறேன். கடைசியில் நீ நினைத்ததுபோல் நடக்காமலும் போகலாம், அப்போது வருத்தப்படாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, உன் கருத்தைச் சொல்லிவிட்டுத்தான் வருத்தப்படுவாய் என்பதற்கு மட்டும் நான் பொறுப்பு. அண்ணனுக்கும் இதே போல் தனியாக ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், உன்னுடையதைப் பார்த்து எழுதியதல்ல. வெள்ளையடித்த அறை வீணில்லை, அதில் நான் உட்கார்ந்து படிக்கலாம்.

நீ நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாய், ஒரு மணிக்கு ஒரு முறை எழுந்து நட. குழந்தையின் இடது கைப் பழக்கத்தை யாராவது மாற்றச் சொன்னால் கேட்காதே. நீங்கள் மூவரும் உடல்நலத்தோடும் மன நிறைவோடும் நெடுநாள் வாழ வேண்டும், இது என் ஆசி. அம்மாவின் ஆசியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீ ஊரைவிட்டுப் போன நாளிலிருந்து எல்லாக் கடிதத்திலும் 'அம்மாவும் தன் ஆசியைத் தெரிவிக்கச் சொன்னாள்' என்று முடித்திருக்கிறேன். அவள் ஒரு முறையும் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை, கடிதத்தை அவளிடம் காட்டியதுமில்லை. இன்று முதல்முறையாக இதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். மேலே ஒரு வரியை அடிக்கச் சொன்னாள், அடித்து வேறு தாளில் சுத்தமாக எழுதிவிட்டேன், என்ன வரி என்று கேட்காதே. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன் என்பது பொய், ஒரு தடவைதான் தட்டினேன் என்கிறாள், நான் மாற்றவில்லை, ஆனால் அவள் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பிறகு உனக்கு என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். "லீவு வாங்கி வச்சிருக்காளே, அத என்ன பண்ணப் போறா. சாமான் கட்டறதுக்கு வரேன்னவ, சாமான் இல்லாட்டியும் வருவாளா. வரச்சொல்லி எழுதாதீங்க, வருவாளான்னு கேட்டு எழுதுங்க" என்றாள்.

மறக்காமல் பதில் எழுது. வருவாயா?

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா
(அம்மா படித்தாள்)